ஈசல் பறந்தால் மீன் குதிக்கும்: நீலகிரிக்கு ட்ரவுட் வந்த கதை

கொல்லிமலையில் நல்ல மழை ஒன்று பெய்து வெறித்த சாயங்காலம் ஈசல் புறப்படும். வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வாசலில் அகலமான ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் ஒரு விளக்கை வைத்தால் போதும், கொத்துக் கொத்தாக வந்து விழும். இறக்கையைப் புடைத்துத் தள்ளிவிட்டு, சட்டியில் வறுத்து, பொரியோடு கலந்து தின்றால்... சரி, தின்னாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்த நேரத்தில் ஓடைப் பக்கம் போய் நின்றவர்களுக்கு இன்னொரு காட்சியும் தெரிந்திருக்கும். தண்ணீரில் விழுந்து தத்தளிக்கும் ஈசலைப் பிடிக்கச் சின்னச் சின்னக் கெண்டைகள் மேலே வந்து 'சளக்' என்று கவ்விவிட்டு உள்ளே போகும். தண்ணீர் மேல் வட்டம் வட்டமாக அலை. மண்புழுவை அன்றைக்கு எந்த மீனும் திரும்பிப் பார்க்காது.

இந்தச் சின்ன விஷயத்தை, அதாவது பூச்சி பறக்கும் நேரத்தில் மீன் வேறெதையும் தின்னாது என்பதை வைத்து, இங்கிலாந்தில் ஒரு பெரிய கலையையே வளர்த்து வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் புத்தகம், சங்கம், கடை, சண்டை எல்லாம் உண்டு. அந்தக் கலைக்காக ஒரு மீனையே கப்பலேற்றி நம் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மீன்தான் ட்ரவுட்.

பி.காம். படிக்கிறவனுக்கு மீனில் என்ன வேலை என்று கேட்கலாம். கூட்டுறவுப் பாடத்தில் சர் ஃபிரடெரிக் நிக்கல்சன் என்று ஒரு பெயர் வரும். சென்னை மாகாண அரசு கேட்டு, 1895லும் 1897லும் விவசாயக் கடன் பற்றி இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தவர். ஜெர்மனியில் ராபைசன் செய்ததைப் போல இங்கேயும் கிராமத்துக்குக் கிராமம் கடன் சங்கம் அமைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1904ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அடிப்படைகளில் ஒன்று. இரண்டு மார்க் கேள்விக்கு இவ்வளவு போதும். அவர் அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று தேடிப் பார்த்தபோதுதான் எனக்கு மீன் மாட்டியது. அதே நிக்கல்சன்தான் 1907ல் தொடங்கிய சென்னை மாகாண மீன்வளத் துறையின் தந்தை. அதே 1907ல்தான் நீலகிரியில் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்தது. அங்கிருந்து நூல் பிடித்துப் போய்ப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தூண்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தூண்டிலில் தங்கூசி நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள், முள்ளில் புழு. எறியும்போது ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். வெள்ளைக்காரரின் ஈத்தூண்டிலில் கனம் முள்ளில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. முள்ளில் இருப்பது இறகும் நூலும் சுற்றிச் செய்த ஒரு பொய்ப்பூச்சி. எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் கனமான கயிற்றைச் சாட்டை வீசுவதுபோல முன்னும் பின்னும் வீசி, கடைசியில் பூச்சி மட்டும் தண்ணீர் மேல் பூப்போல இறங்கும்படி விடவேண்டும். 'சொத்'தென்று விழுந்தால் மீன் ஓடிவிடும்.

இது புதிய வித்தையும் இல்லை. கி.பி. 200 வாக்கில் ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்ற ஆற்றங்கரை மக்கள் இப்படி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடைப் பக்கத்து இறகு இரண்டைக் கட்டி, ஆற்று மேல் பறக்கும் ஒரு பூச்சியைப் போலச் செய்வார்களாம். சேவல் இறகு என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1496ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் நூலில் 12 பொய்ப்பூச்சிகளுக்குச் செய்முறை இருக்கிறது. 1653ல் ஐசக் வால்டன் எழுதிய 'கம்ப்ளீட் ஆங்லர்' பல நூறு பதிப்புகள் கண்டது. வால்டன் உண்மையில் புழுக்காரர். ஈத்தூண்டில் பகுதியை அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் 1676ல் எழுதிச் சேர்த்தார்.

இவர்கள் உயிரைக் கொடுத்துக் காத்திருக்கும் பூச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் மேஃப்ளை. முட்டையிலிருந்து வந்த பிறகு பெரும்பாலும் ஓராண்டு, சிலவகை இரண்டாண்டு, ஆற்றடியில் மண்ணிலும் கல்லுக்கடியிலும் புழுப்பருவத்தில் கிடக்கும். பிறகு ஒரு வசந்தகாலப் பகலில் கூட்டமாக மேலே நீந்தி வந்து, நீர்ப்பரப்பிலேயே தோலை உரித்துச் சிறகு விரிக்கும். ஈரம் காயும் வரைக்கும் பாய்மரப் படகுபோல மிதந்துகொண்டே போகும். இந்த நிமிஷங்களில்தான் மீனுக்குக் கல்யாணச் சாப்பாடு. தப்பித்துக் கரைச் செடிக்குப் போனது அங்கே இன்னொரு முறை தோல் உரிக்கும். சிறகு முளைத்த பிறகும் தோல் உரிப்பது பூச்சி இனத்திலேயே இது ஒன்றுதான். கடைசிப் பருவத்தில் அதற்கு வேலை செய்யும் வாய் கிடையாது. ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் செத்துத் தண்ணீரில் விழும். ஈசலைப் பார்த்துவிட்டு வாழ்க்கை நிலையாமை பேசும் நம் ஊர்ப் பெரியவர்கள் இதைப் பார்த்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூடப் பேசுவார்கள் :-)

தென் இங்கிலாந்தில் மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் இது உச்சத்துக்குப் போகும். தூண்டில் பிடிக்கத் தெரியாதவனுக்கும் மீன் மாட்டும் பதினைந்து நாள் என்று அதற்கு ஒரு கேலிப்பெயரே உண்டு. மற்ற நாட்களில் எந்தப் பூச்சி, எந்தப் பருவம், எந்த அளவு என்று பார்த்து அதே போலப் பொய்ப்பூச்சி கட்டவேண்டும். 1886ல் ஃபிரடெரிக் ஹால்ஃபர்ட், பூச்சி தண்ணீர் மேல் மிதக்கவேண்டும், அதுதான் மரியாதைப்பட்டவர் செய்வது என்று புத்தகம் போட்டார். 1910ல் ஸ்க்யூஸ் என்ற வக்கீல், தண்ணீருக்குள் இருக்கும் பருவத்தையும் செய்து பிடிக்கலாமே என்று எழுதினார். இது தர்மமா அதர்மமா என்று லண்டனில் ஒரு கிளப்பில் 1938ல் கூட்டம் போட்டு விவாதித்தார்கள். 1938ல் உலகத்துக்கு வேறு கவலையே இல்லைபோல.

இப்படிப்பட்டவர்கள்தான் கலெக்டராகவும் தோட்டத்துரையாகவும் பட்டாளத்து மருத்துவராகவும் இந்தியாவுக்கு வந்தார்கள். வெயில் தாங்காமல் ஊட்டிக்கு ஏறினார்கள். ஏறிப் பார்த்தால் புல்வெளி இருக்கிறது, பனி இருக்கிறது, ஐஸ் போன்ற ஓடை இருக்கிறது. ட்ரவுட் இல்லை!

மேல் நீலகிரி ஓடைகளில் சின்ன மீன்களும் நண்டும் தவளையும் இருந்தனவே தவிர, தூண்டிலில் இழுத்தால் கோல் வளையும்படி ஒன்றும் கிடையாது. அதைப் பார்த்தவர்கள் மனதில் பதிந்த வார்த்தை 'காலி' என்பது. இந்த வார்த்தையிலிருந்துதான் எல்லாமே தொடங்குகிறது என்பது என் எண்ணம். அந்த மலையில் வாழ்ந்த தோடர்கள் எருமை மேய்த்துப் பாலும் மோரும் நெய்யும் உண்டவர்கள், மீன் தின்னும் வழக்கம் இல்லாதவர்கள். அவர்கள் ஓடை காலியாக இருப்பதாக ஒருநாளும் குறைப்பட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் முயன்றவர் ஃபிரான்சிஸ் டே. சென்னைப் பட்டாளத்தில் மருத்துவர். இந்திய மீன்களைப் பற்றி 1875க்கும் 1878க்கும் இடையில் அவர் வெளியிட்ட பெருநூலை இன்றைக்கும் மீன் ஆராய்ச்சி செய்பவர்கள் புரட்டாமல் இருக்க முடியாது. 1860களில் அவர் நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். காரணம் கணக்கில் இருக்கிறது. ட்ரவுட் முட்டை பொரிய, தண்ணீரின் வெப்பத்தையும் நாட்களையும் பெருக்கினால் சுமார் 400 வரவேண்டும். 10 டிகிரி என்றால் 40 நாள், 5 டிகிரி என்றால் 80 நாள். இங்கிலாந்திலிருந்து வெயில் கடல் வழியாக வரும் முட்டை, ஐஸ் இல்லாவிட்டால் வழியிலேயே பொரியும், அல்லது வெந்துபோகும். ஆக, நேரத்தை ஐஸ் கொடுத்து வாங்கவேண்டும்.

அதைச் செய்து காட்டியது ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு கப்பல். 1864 ஜனவரியில் லண்டனை விட்டுக் கிளம்பிய 'நார்ஃபோக்' கப்பலில், ஜேம்ஸ் யூல் என்பவர் சின்ன மரப்பெட்டிகளில் ஈரப்பாசிக்கு நடுவே முட்டைகளை அடுக்கி, டன் கணக்கில் ஐஸ் நிரப்பிய அறையில் வைத்தார். மூன்று மாதம் கழித்து டாஸ்மேனியாவில் சில நூறு குஞ்சுகள் உயிரோடு பொரிந்தன. அங்கிருந்து ட்ரவுட் நியூசிலாந்துக்குப் போனது. 1883ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து இன்னொரு வகை, உடம்பில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் ரெயின்போ ட்ரவுட், நியூசிலாந்துக்கு வந்தது. இது ஏன் முக்கியம் என்றால், நீலகிரியில் கடைசியில் பிழைத்தது இந்த ரெயின்போதான்.

அதற்கு முன்னால் ஒரு வேடிக்கை. 1877ல் நீலகிரியில் வேட்டைக்காரர் சங்கம் ஒன்று தொடங்கியது. (இன்றைக்கு அது காட்டுயிர், சுற்றுச்சூழல் சங்கமாக மாறி இயங்குகிறது.) 1879ல் சென்னை மாகாணத்தில் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் காப்பாற்ற நினைத்த மீன் எது தெரியுமா? வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கப்படுத்திய மீன். ஊட்டி ஏரியில் இங்கிலாந்து டென்ச் போன்ற சில மீன்களை அதற்குள் விட்டிருந்தார்கள். ட்ரவுட் இன்னும் வந்தபாடில்லை. அது பிழைக்க இன்னும் முப்பது வருஷம் இருக்கிறது. வராத மருமகளுக்கு முன்கூட்டியே தனி அறை கட்டி வைத்த மாதிரி. இங்கேயே பிறந்து வளர்ந்த அயிரைக்கும் கெண்டைக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை.

இதற்கிடையில் இலங்கைத் தோட்டத்துரைமார்கள் முந்திக்கொண்டார்கள். 1880களிலேயே நுவரெலியாவுக்குப் பழுப்பு ட்ரவுட் முட்டைகள் வந்துவிட்டன. வளர்ந்தன, ஆனால் அங்கே இனம் பெருகவில்லை. ரெயின்போவைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் ஹார்ட்டன் சமவெளி ஓடைகளில் அது தானாகவே பெருகியது. 1896ல் சிலோன் ஃபிஷிங் கிளப் தொடங்கியது. நம் சேலம், திருச்சிப் பக்கத்து ஜனங்கள் தேயிலைக் கூடை சுமக்க அந்த மலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் போன கடலைத் தாண்டி எதிர்ப்பக்கமாக மீன் முட்டை நீலகிரிக்கு வந்தது. இரண்டையும் அனுப்பி வாங்கியது ஒரே மாதிரியான ஆட்கள்தான்.

காஷ்மீரிலும் இதே ஓட்டம். 1899ல் பெட்ஃபோர்ட் பிரபு அனுப்பிய முட்டைகள் வழியில் கெட்டுப்போயின. 1900ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அவற்றை வளர்ப்பதில் பாடுபட்ட ஃபிராங்க் மிட்செல், ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை வைத்திருந்தவர். ஒரு கம்பள வியாபாரி மீன் குஞ்சு வளர்த்தார் என்று படித்தபோது காமர்ஸ்காரனுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

நீலகிரியில் வேலை முடிந்தது எச்.சி. வில்சன் கையில். மாகாண அரசு அமர்த்திய மீன் வளர்ப்பு நிபுணர் அவர். ஊட்டிக்கு மேற்கே குந்தா மலைப்பக்கம், பழைய பெரிய மண்சரிவால் 'அவலாஞ்ச்' என்று பெயர் வாங்கி நம் வாயில் அவலாஞ்சி ஆகிவிட்ட இடத்தில், 1907ல் பொரிப்பகம் அமைத்தார். இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து என்று பல இடத்திலிருந்து ரெயின்போ முட்டை வரவழைத்தார்கள். பொரித்து, குஞ்சாக்கி, ஓடை ஓடையாக விட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த ஓடைகளில் மீன் தானாகவே முட்டையிட ஆரம்பித்தது. 1899ல் குன்னூருக்கும் 1908ல் ஊட்டிக்கும் மலை ரயில் வந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். டே காலத்தில் கிடையாத வேகமும் ஐஸும் வில்சன் காலத்தில் கிடைத்தன. வீரமும் உழைப்பும் பேசும் கதையில் ரயிலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் யாரும் மாலை போடுவதில்லை.

பழுப்பு ட்ரவுட் தோற்ற இடத்தில் ரெயின்போ வென்றதற்குக் காரணம், அது கொஞ்சம் சூடு தாங்கும், வேகமாக வளரும். 'கொஞ்சம்' என்பதை அடிக்கோடிடவேண்டும். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் ட்ரவுட் தவிக்க ஆரம்பிக்கும். சூடான தண்ணீரில் கரைந்த பிராணவாயு குறைவு, மீனுக்கோ அப்போதுதான் தேவை அதிகம். அவலாஞ்சி இருப்பது 2000 மீட்டர் உயரத்தில். எங்கள் கொல்லிமலை ஊர்கள் 1000லிருந்து 1300 மீட்டருக்குள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் ட்ரவுட்டுக்கு அது போதாது. அந்த எழுநூறு மீட்டர் குறைந்ததால் எங்கள் ஓடைகள் தப்பித்தன என்றும் சொல்லலாம், கவனிக்கப்படாமல் போயின என்றும் சொல்லலாம்.

நீலகிரியில் ட்ரவுட் பிடித்தவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்திருக்கும். இங்கிலாந்து வசந்தம் இங்கே கிடையாது. பனி உருகி, மரம் துளிர்த்து, பூச்சி எல்லாம் ஒரே வாரத்தில் கிளம்பும் ஊர் இல்லை இது. குளிர் மிதமானது, ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சி வரும். ஓடையின் நாள்காட்டியைத் தீர்மானிப்பது மழைதான். தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சியில் எப்படிப் பெய்யும் என்பதை 2019 ஆகஸ்டில் நாடே பார்த்தது. ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட வெள்ளத்தில் பொய்ப்பூச்சியை எந்த மீனுக்குக் காட்டுவது? ஆக, மீனைக் கொண்டுவர முடிந்தது, ஐஸ் கொண்டுவர முடிந்தது, சட்டமும் கொண்டுவர முடிந்தது. மே மாதத்தைக் கொண்டுவர முடியவில்லை.

இப்போது சேவல் இறகுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம், வயிறெரிந்த இடமும் இதுதான்.

நம் காட்டுக்கோழியைப் பார்த்திருப்பீர்கள், பார்க்காவிட்டாலும் விடியற்காலையில் அதன் உடைந்த கூவலைக் கேட்டிருப்பீர்கள். தென்னிந்திய மலைக்காடுகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழி. கொல்லிமலைக் காட்டிலும் உண்டு. புதுச்சேரியோடு தொடர்புடைய பிரெஞ்சு ஆய்வாளர் சொன்னெரா பெயரைத்தான் அறிவியலில் அதற்கு வைத்திருக்கிறார்கள். அதன் சேவலுக்குக் கழுத்து இறகுகளில் மெழுகு சொட்டியதுபோல மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளப்பான புள்ளிகள் இருக்கும். காட்டுக்கோழி இனங்கள் நான்கில் இதற்கு மட்டும்தான் இப்படி. தண்ணீரில் நனைந்தாலும் அந்தப் புள்ளி பளபளக்கும். பொய்ப்பூச்சியின் பக்கத்தில் ஒட்டினால் சின்ன மீனின் கண் மாதிரி இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் சால்மன் மீனுக்கும் ட்ரவுட்டுக்கும் பொய்ப்பூச்சி கட்டியவர்கள் இதைக் கண்டு பித்துப்பிடித்துப் போனார்கள். 'ஜாக் ஸ்காட்' என்ற புகழ்பெற்ற சால்மன் பூச்சியில் இந்த இறகு இல்லாமல் முடியாது.

விளைவு? ஒரு சேவலைக் கொன்று கழுத்துத் தோலை மட்டும் உரித்து லண்டனுக்கு அனுப்பும் வியாபாரம். ஒரு சங்கிலியாக நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு மலையில் கண்ணி, தரகர், துறைமுகம், லண்டன் கடை, அங்கே ஒரு துரை கையில் பொய்ப்பூச்சி. தூண்டிற்கோலுக்கும் இதே கதைதான். சீனத்து மூங்கில் பழக்கத்துக்கு வருமுன், பிளந்து ஒட்டிச் செய்த உயர்ந்த தூண்டிற்கோல்களுக்குக் 'கல்கத்தா மூங்கில்' என்று பெயர்போன இந்திய மூங்கில்தான் மேலைநாட்டுக்குப் போனது. கோல் நம்முடையது, இறகு நம்முடையது. மீன் மட்டும் அவர்களுடையது. அதையும் கடைசியில் நம் ஓடையில் கொண்டுவந்து விட்டார்கள். ஏற்றுமதி இறக்குமதிப் பாடத்தில் இப்படி ஒரு உதாரணம் கொடுத்திருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

1902ல் இந்திய அரசு காட்டுப்பறவை இறகு ஏற்றுமதியைத் தடைசெய்தது. பெண்களின் தொப்பி அலங்காரத்துக்காகக் கொக்கும் மீன்கொத்தியும் லட்சக்கணக்கில் செத்ததுதான் முக்கியக் காரணம். 1921ல் பிரிட்டனும் இறகு இறக்குமதிக்குத் தடைச்சட்டம் போட்டது. கள்ளக்கடத்தல் தொடர்ந்தது. 1972ல் வந்த காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காட்டுக்கோழியைப் பிடிப்பதே குற்றம். இப்போது மேலைநாட்டில் அந்த இறகுக்காகவே நம் காட்டுக்கோழியைக் கூண்டில் வளர்க்கிறார்கள். நாம் ட்ரவுட்டைத் தொட்டியில் வளர்க்கிறோம், அவர்கள் காட்டுக்கோழியைக் கூண்டில் வளர்க்கிறார்கள். பழைய கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் உரித்த கழுத்துகள் எந்தக் கணக்கில் வரும்?

இறகுப் பித்து ஓய்ந்துவிட்டது என்றும் நினைக்கவேண்டாம். 2009ல் இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊரில் உள்ள அருங்காட்சியகத்துக்குள் இரவில் புகுந்து, 299 அரிய பறவைத் தோல்களை ஒரு இசை மாணவர் திருடிச் சென்றார். பழைய சால்மன் பூச்சி கட்டுபவர்களுக்கு விற்கத்தான். இந்தப் பூச்சிகளைக் கட்டுபவர்களில் பலர் மீன் பிடிப்பதே இல்லையாம், சட்டம் போட்டு மாட்டி வைக்கிறார்களாம்.

சரி, நீலகிரிக்குத் திரும்புவோம். சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார்கள் போனார்கள், மீன் தங்கிவிட்டது. 1950களிலும் 60களிலும் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு குந்தா மின்திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகள் எழுந்தன. ட்ரவுட் ஓடிய ஓடைகளில் சில அணைக்கடியில் போயின. சுற்றியிருந்த புல்வெளியில் யூகலிப்டசும் சீகை மரமும் நட்டார்கள். புல்வெளியும் சோலையும் மழையைக் கடற்பஞ்சுபோல் வாங்கி வருஷம் முழுக்க விட்டுக்கொடுப்பவை. அவை குறைந்தால் கோடையில் ஓடை மெலியும், சூடேறும். வெளிநாட்டு மீனும் அதனால் அவதிப்பட்டது, உள்ளூர்த் தவளையும் அவதிப்பட்டது. அவலாஞ்சிப் பண்ணை இப்போது தமிழக மீன்வளத் துறையிடம் இருக்கிறது.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட, உலகிலேயே அதிகக் கேடு செய்யும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் ரெயின்போ, பழுப்பு இரண்டு ட்ரவுட்டும் உண்டு. பட்டியலில் இருப்பதால் நீலகிரி ட்ரவுட்டை இன்றைக்கே ஒழித்துக்கட்டு என்று நான் சொல்லவரவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. குளிர் ஓடைகளில் மட்டும் ஒடுங்கிக் கிடக்கிறது. என் கோபம் மீன் மேல் இல்லை. வியாபாரம் தொடங்கும்போது கையிருப்புச் சரக்கை எண்ணி ஆரம்ப இருப்பு என்று எழுதவேண்டும் என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஓடைகளில் என்னென்ன பூச்சி, எத்தனை வகைத் தவளை, எந்த அயிரை என்று எண்ணிப் பார்த்துவிட்டு யாரும் ட்ரவுட்டை விடவில்லை. 'காலி' என்று எழுதிவிட்டார்கள். ஆரம்ப இருப்பு பூஜ்யம் என்று எழுதினால் பிறகு எல்லாமே லாபமாகத்தான் தெரியும்.

நிக்கல்சனை நினைத்தால்தான் எனக்குக் குழப்பம். அவர் மீன்வளத் துறைக்கு வைத்த நோக்கம் ஏழை மீனவர்கள். கருவாடு கெடாமல் உப்பிடுவது, மத்தி எண்ணெய் எடுப்பது, மீனவர் கடன் சங்கம் என்று கடற்கரையில் அவர் செய்த வேலைகள் பாடப்புத்தகத்தில் போடத் தகுந்தவை. அதே துறையின் இன்னொரு கை மலைமேல் துரைமார் தூண்டிலுக்கு மீன் வளர்த்தது. அதே வில்சன் கீழே கொள்ளிடத்தில் கீழணைப் பக்கம் உல்லம் மீன் முட்டையைப் பொரிக்கவைக்க முயன்றார். அணையால் மேலே ஏறமுடியாமல் தவித்த நம் ஊர் மீன் அது. அந்த முயற்சியும் நடந்தது என்பதை மறைப்பது நியாயம் இல்லை. மலைமேல் நடந்த வேலைக்கு இன்றும் ஆயுசு இருக்கிறது, கொள்ளிடத்து உல்லம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

இந்திய மீனையே மதித்த வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். எச்.எஸ். தாமஸ் என்ற சென்னை மாகாண அதிகாரி 1873ல் 'ராட் இன் இந்தியா' என்று ஒரு புத்தகம் எழுதி, நம் ஆறுகளின் மகசீர் மீன் சால்மனையே மிஞ்சும் என்று அடித்துச் சொன்னார். காவிரியின் திமில் முதுகு மகசீர் இன்றைக்கு அற்றுப்போகும் விளிம்பில் இருக்கிறது. அதன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ட்ரவுட் என்றால் ஊட்டி ஓட்டல் மெனு கார்டு ஞாபகம் வருகிறது.

எங்கள் மலையில் அய்யாறு ஆகாய கங்கையாக விழுவதற்குச் சற்று மேலே, அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டிய ஓடையில் மீன்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் பிடிப்பதில்லை. யாரோ பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தபோது துண்டுகள் பொருந்தி உயிரோடு ஓடைக்கே துள்ளிப் போனதாகத் தலத்துக் கதை. அதனால் மீனுக்கு உணவிட்டுவிட்டுத்தான் சாமி கும்பிடுவது வழக்கம். நீலகிரிச் சட்டம் 1879ல் எழுதப்பட்டது, சீசன் முடிந்தபின் சங்கத்து ஆட்கள் பிடிக்கலாம் என்பதற்காக. இங்கே எழுதப்படாத சட்டம் ஒன்று எந்த வருஷம் தொடங்கியதோ, எந்த சீசனிலும் யாரும் பிடிப்பதில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா நடக்கும்போது கூட்டம் தாங்காது. அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து குழந்தைகள் பொரி போடுவார்கள். பொரி தண்ணீர் மேல் மிதந்து போகும். கீழேயிருந்து ஒரு நிழல் எழும்பி வரும், 'சளக்' என்று ஒரு சத்தம், பொரி இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் விரிந்துகொண்டே போகும்.